ராட்சத பீவர் அணை கட்டியதா? எலும்பு ஒன்று சொல்கிறது, கதை ஒன்று சொல்கிறது

ஏரிக்கரை | ஜனவரி 11
பீவர் என்பது பல்லால் மரம் வெட்டி ஆற்றில் அணை கட்டும் கொறிணி. பனியுகத்தில் வட அமெரிக்காவில் கரடி அளவுக்கு ஒரு பீவர் இருந்தது. அதே மண்ணின் பழங்குடிகளிடம் ராட்சத பீவர் கதைகள் இருக்கின்றன: ஆற்றையே அடைத்து அணை போட்டது, ஒரு மாவீரன் வந்து அணையை உடைத்து அதை விரட்டினான். விலங்கு அழிந்து பன்னிரண்டாயிரம் வருஷம் ஆன பிறகும் வாய்மொழியில் ஞாபகம் தங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பல்வரிசை | ஜனவரி 11
சாட்சி எதிர்க்கட்சிக்காரன். கதையில் வரும் பீவர் அணை கட்டுகிறது. எலும்பில் இருக்கும் பீவர் அணை கட்டியதாகத் தெரியவில்லை. அழிந்த விலங்கின் ஞாபகம் என்றால், அந்த விலங்கிடம் மட்டும் இருந்த ஏதாவது ஒன்று கதையில் எஞ்சியிருக்க வேண்டும். எஞ்சியிருப்பது இன்றைய பீவரின் வேலை. அளவு மட்டும் பெரிது.

பல்லில் தொடங்குகிறேன். காஸ்டராய்டிஸ் ஓகையோயென்சிஸ் என்பது ராட்சதத்தின் அறிவியல் பெயர். ஓகையோ மாநிலம் நாஷ்போர்ட் அருகே கரிச்சதுப்பில் கிடைத்த எலும்பை வைத்து 1838இல் ஃபாஸ்டர் வைத்த பெயர். வெட்டுப்பல் 15 சென்டிமீட்டர் வரை. இந்த எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் மரம் சாய்க்கும் காட்சிக்குப் போய்விடுகிறார்கள். நீளத்தை விடுங்கள், நுனியைப் பாருங்கள். இன்றைய பீவரின் பல்நுனி தச்சன் உளி மாதிரி நேர் விளிம்பு. முன்பக்க எனாமல் வழுவழு. ராட்சதத்தின் நுனி மொண்ணையாக உருண்டிருக்கும். எனாமலில் நீளவாக்கில் வரிவரியாக மேடு. உளியால் மரம் செதுக்கலாம். மண்வெட்டிக் காம்பின் முனையால் செதுக்க முடியாது.

வடதிசை | ஜனவரி 12
பல் மொண்ணை என்பதற்காக மரம் தின்னவில்லை என்று சொல்லிவிட முடியுமா? யானைக்கு உளிப்பல் இல்லை, மரம் சாய்க்கிறது.

பல்வரிசை | ஜனவரி 12
நியாயம். பல்லின் வடிவம் எதைச் செய்ய முடியும் என்று சொல்லும், எதைச் செய்தது என்று சொல்லாது. அதற்கு எலும்பின் வேதியியல் வேண்டும். 2019இல் டெஸ்ஸா பிளின்ட் குழுவின் ஆய்வு வந்தது. கனடாவின் யூகான், அமெரிக்காவின் ஓகையோ எலும்புகளில் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப் (ஒரே தனிமத்தின் எடை மாறிய அணுக்கள்) அளந்தார்கள். உணவு பெரும்பாலும் நீருக்குள் மூழ்கி வளரும் செடிகள். மரம் இல்லை.

இது எப்படித் தெரிகிறது? காற்றில் நிற்கும் மரத்துக்குக் கார்பன் டைஆக்சைடு தாராளம். அதனால் கனமான கார்பன்-13ஐ ஒதுக்கிவிட்டு இலகுவான கார்பன்-12ஐப் பொறுக்கி எடுக்கிறது. தேங்கிய நீருக்குள் இருக்கும் பாசிக்கொடிக்கு அந்த வசதி கிடையாது. இலையைச் சுற்றி அசையாத நீர்ப்படலம். அதற்குள் வாயு மெதுவாகத்தான் ஊறி வரும். பற்றாக்குறைக் காலத்தில் ரேஷன் கடையில் நிற்கிறவன் அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருப்பானா? கொடியும் அப்படித்தான், வந்ததை வாங்கிக்கொள்ளும். பல கொடிகள் நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்ற கார்பன் உப்பையும் எடுத்துக்கொள்ளும். ஆக, மூழ்கிய செடியில் கார்பன்-13 கூடுதல். தின்ற விலங்கின் எலும்பிலும் கூடுதல். ராட்சத பீவர் எலும்பில் அந்தக் கூடுதல் இருக்கிறது.

செம்மண் | ஜனவரி 14
ஒரு சின்ன விஷயம். இணையத்தில் பல தமிழ்ப் பக்கங்களில் பீவரை "நீர்நாய்" என்று போடுகிறார்கள். நீர்நாய் வேறு. காவிரியில் இருப்பது, சங்கப் பாட்டில் வாளை மீன் பிடிப்பது, அது நீர்நாய். மீன் தின்னும் ஊனுண்ணி. பீவர் கொறிணி, எலி, அணில் வகையறா. இந்தியாவில் பீவரே கிடையாது, அதனால் தமிழில் பெயரும் கிடையாது. "பீவர்" என்றே எழுதுவோம்.

பல்வரிசை | ஜனவரி 14
சரி. இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் இல்லை, கதைகளிலும் இருக்கிறது; கீழே வருகிறேன்.

பல்வரிசை | ஜனவரி 17
ஐசோடோப் பற்றிக் கேட்டு மூன்று பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். தவறு நடக்கும் இடங்கள்தான் இதில் முக்கியம்.

எலும்பின் வெளித்தோலைத் துரப்பண முனையால் சுரண்டி எறிந்துவிட்டு உள்ளிருக்கும் கெட்டிப்பகுதியில் ஒரு துண்டு எடுக்கவேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், செறிவு அரை மோலாருக்கு மேல் வேண்டாம், ஊறவைத்தால் கனிமம் கரைந்து ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும். அது கொலாஜன், எலும்பின் புரதம். அவசரப்பட்டு அமிலத்தைக் கெட்டியாக்கினால் கொலாஜனும் சேர்ந்து கரையும். பிறகு சோடியம் ஹைட்ராக்சைடில் கழுவல்: கரிச்சதுப்பு எலும்புக்கு இது கட்டாயம், ஏனென்றால் சதுப்பின் ஹியூமிக் அமிலம் செடியிலிருந்து வந்த கார்பன், விலங்கின் கார்பன் இல்லை. கழுவும் நீரின் தேநீர் நிறம் போய்த் தெளிகிறவரை நிறுத்தக்கூடாது. அப்புறம் லேசான அமிலநீரில் 90 டிகிரி வரை சூடாக்கினால் ஜெலட்டினாகக் கரையும். வடிகட்டி, உறையவைத்து உலர்த்தி, அரை மில்லிகிராம் அளவுக்கு வெள்ளீயக் குப்பியில் மடித்து ஐசோடோப் அளக்கும் கருவிக்குள்.

எண் வந்ததும் நம்பக்கூடாது. கார்பனுக்கும் நைட்ரஜனுக்குமான அணு விகிதம் 2.9க்கும் 3.6க்கும் நடுவில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். மேலே போனால் ஹியூமிக் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது யாரோ எலும்புக்குப் பசை தடவியிருக்கிறார்கள். இந்தப் பசைதான் அருங்காட்சியகப் பழைய எலும்புகளின் சாபக்கேடு. அக்ரிலிக் பிசினான பாரலாய்டு பி-72 என்றால் அசிட்டோனில் கழுவி எடுக்கலாம். பால் நிறத்து மரப்பசை நாள்பட்டால் முழுதாக வராது; அப்படிப்பட்ட எலும்பில் வேறு பகுதி தேடுவது மேல்.

இன்னும் இரண்டு பள்ளங்கள். ஒன்று, பால்குடி மாறாத குட்டியின் எலும்பு: தாய்ப்பால் குடிப்பதால் நைட்ரஜன்-15 ஒரு படி உயர்ந்து நிற்கும், தாவர உணவைப் பற்றிய கணக்கு கெடும். எலும்பு முனைகள் ஒட்டிவிட்டனவா என்று பார்த்து வளர்ந்த விலங்கை எடுங்கள். இரண்டு, ஒப்பிடுவதற்கு இன்றைய குளத்துச் செடியை அளந்துவிட்டு அப்படியே பனியுக எலும்போடு வைப்பது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்ததில் இன்றைய காற்றில் கார்பன்-13 குறைந்துவிட்டது. ஆயிரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை கூட்டிச் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் மரம் தின்றது கொடி தின்றது போலத் தெரியும். உணவிலிருந்து எலும்புக் கொலாஜனுக்கு வரும்போது இயல்பாகவே ஆயிரத்துக்கு 5 அளவில் ஏறும், அதையும் கழிக்கவேண்டும்.

ஏரிக்கரை | ஜனவரி 17
படித்தேன். தலை சுற்றுகிறது. ஆனால் ஒன்று: மரம் தின்னவில்லை என்பது அணை கட்டவில்லை என்பது ஆகுமா?

பல்வரிசை | ஜனவரி 18
ஆகாது. நான் 11ஆம் தேதி எழுதியதில் அந்தத் தாவல் இருந்தது, திருத்திக்கொள்கிறேன். ஐசோடோப் வயிற்றைப் பற்றிப் பேசும், கையைப் பற்றிப் பேசாது. அணை கட்டவில்லை என்பதற்கு ஆதாரம்: மரம் வெட்ட ஏற்ற பல் இல்லை, மரம் வெட்டவேண்டிய பசி இல்லை, வெட்டிய மரம் கிடைக்கவும் இல்லை. மூன்றும் சேர்ந்தால் வலுவானது. எதுவும் தனியாக நிற்காது.

இதை இன்னும் சிக்கலாக்கும் ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். கனடாவின் வடமூலையில் எல்ஸ்மியர் தீவில், சுமார் 40 லட்சம் ஆண்டு பழைய சதுப்பில் டிப்பாய்டிஸ் என்ற சின்ன பீவரும் அது கடித்த குச்சிகளும் சேர்ந்தே கிடைத்தன. நட்டாலியா ரிப்சின்ஸ்கி அந்தக் கடித்தடங்களை ஆராய்ந்தார். டிப்பாய்டிஸின் பல்லும் உருண்ட நுனிதான்! இன்றைய பீவரைவிட மோசமான தச்சன், ஆனாலும் வெட்டியது. 2020இல் பிளின்ட் குழு அதன் ஐசோடோப்பையும் பார்த்தது: மர உணவு இருக்கிறது. டிப்பாய்டிஸ் ராட்சதத்தின் கிளையைச் சேர்ந்தது. அதாவது மரம் வெட்டும் பழக்கம் அந்தக் கிளையிலேயே இருந்திருக்கிறது. ராட்சதம் கைவிட்டிருக்க வேண்டும்.

ஆக, "உருண்ட நுனி, அதனால் வெட்ட முடியாது" என்று நான் அடித்துச் சொன்னது கொஞ்சம் கூடுதல். மண்வெட்டிக் காம்பு உவமையை வாபஸ் வாங்குகிறேன்.

வடதிசை | ஜனவரி 18
யானை ஜெயித்தது.

பல்வரிசை | ஜனவரி 23
அளவு பற்றி. "கரடி அளவு" என்பது எங்கே பார்த்தாலும் இருக்கிறது. பழைய புத்தகங்களில் 200 கிலோ வரை ஏற்றிவிடுவார்கள். வால் உட்பட நீளம் இரண்டு மீட்டர் ஒட்டி. எடை இப்போது 90 முதல் 125 கிலோ என்பது வழக்கமான மதிப்பீடு. தொடையெலும்பு நீளத்தை வைத்து 2002இல் ரெனால்ட்ஸ் போட்ட கணக்கில் 77 கிலோதான். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், கொறிணிகளில் நீர்வாழ்வனவற்றுக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரிது. மண்டையோட்டை வைத்துக் கணக்குப் போட்டால் எடை ஊதிவிடும். தலை ஒரு அடிக்கு அருகில். பார்த்ததும் பயம் வரத்தான் செய்யும். இன்றைய பீவர் 11 முதல் 32 கிலோ.

வாலும் அந்தப் பட்டைத்துடுப்பு வால் இல்லை. வால் எலும்புகள் ஒடுக்கமாக, நீளமாக இருக்கின்றன. பின்னங்கால் பெரிது, அதுதான் துடுப்பு. படம் வரைகிறவர்கள் இன்றைய பீவரை ஊதி வரைந்துவிட்டுப் போகிறார்கள். ஏறக்குறைய கதை சொன்னவர்கள் செய்த அதே வேலை.

தொல்மரபணுவும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2020இல் வந்த ஆய்வின்படி ராட்சதமும் இன்றைய பீவரும் பிரிந்து சுமார் 2 கோடி ஆண்டு. தாத்தா பேரன் உறவு இல்லை. ஒன்றுவிட்ட ஒன்றுவிட்ட பங்காளி.

ஏரிக்கரை | ஜனவரி 25
கதைக்கு வாருங்கள்.

பல்வரிசை | ஜனவரி 26
வந்தேன். மூன்று கதை, மூன்று இடம். ஞாபக வாதத்தை 1972இல் ஜேன் பெக் கட்டுரையாக எழுதினார். அதிலிருந்துதான் இது பரவலானது.

முதலில் மாசசூசெட்ஸின் டீர்ஃபீல்டு. போகம்டக் மக்களின் நிலம். பெரிய ஏரியில் ஒரு ராட்சத பீவர் இருந்தது. மீனையெல்லாம் தின்று தீர்த்தது. மீன் குறைந்ததும் ஆற்றோர ஊர்களில் மனிதர்களைத் தின்னத் தொடங்கியது. ஹோபமக் என்ற பூதம் மண்ணை வாரி வாரி அதன் மேல் எறிந்தது, கடைசியில் கழுத்தில் ஓர் அடி. படுத்த உடம்பே மலையானது. சுகர்லோஃப் குன்று தலை, கழுத்தில் இருக்கும் வெட்டுதான் அடி விழுந்த இடம், வடக்கே போகும் தொடர் உடம்பு.

செம்மண் சொன்ன நீர்நாய்க் குழப்பம் இங்கே! எந்த பீவரும் மீன் தின்னாது. ராட்சதமும் தின்னவில்லை, அது பாசிக்கொடி மேய்ந்த சைவம். பன்னிரண்டாயிரம் ஆண்டு ஞாபகம் என்றால் இந்தத் தப்பு எப்படி வந்தது?

ஏரிக்கரையின் கட்சிக்கு இதில் பலம் ஏரிதான். கனெக்டிகட் பள்ளத்தாக்கில் பனிப்பாறை உருகிய நீர் உண்மையிலேயே தேங்கி நின்றது, ஹிட்ச்காக் ஏரி. தெற்கே ராக்கி ஹில் பக்கம் பனிப்பாறை விட்டுப்போன வண்டல் மேடு அணை மாதிரி அடைத்தது, ஏரி வெர்மாண்ட் வரை நீண்டது. கதையில் ஏரி இருக்கிறது, நிலவியலிலும் இருக்கிறது. புல்லரிக்கும்.

புல்லரிப்பு அடங்கிய பிறகு தேதியைப் பாருங்கள். இந்தக் கதை எழுத்தில் ஏறியது 1870களில், ஒரு வெள்ளைக்காரர் சொல்லி. ஏரிக்குப் பெயர் தந்த எட்வர்ட் ஹிட்ச்காக் 1793இல் அதே டீர்ஃபீல்டில் பிறந்த நிலவியலாளர், 1864இல் இறந்தார், அந்தப் பள்ளத்தாக்கின் பழைய நீர்மட்டப் படிகளைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவர். எழுதியவர் காதில் ஏரி எந்த வழியாக விழுந்தது என்று பிரிக்க முடியாது. கதை பொய் என்று சொல்லவில்லை. ஏரியை மட்டும் சாட்சிக்கூண்டில் ஏற்றாதீர்கள் என்கிறேன்.

வடதிசை | ஜனவரி 26
கனடாவின் வடக்கே மெக்கன்சி ஆற்றில் டெனே மக்கள் சொல்லும் யமோரியா என்ற மாவீரன் கதை? துலீட்டா ஊரருகே கரடிப்பாறையில் மூன்று ராட்சத பீவர் தோலை விரித்துக் காயவைத்த தடம் இன்றும் தெரிகிறது என்பார்களே.

பல்வரிசை | ஜனவரி 27
அது எனக்குப் பிடித்த கதை, காரணம் அதன் அடுத்த வரி. யமோரியா அந்த பீவர்களைச் சுட்டுத் தின்றபோது கொழுப்பு சொட்டி எரிந்தது, அந்தப் புகை இன்னும் வருகிறது. புகை உண்மையாகவே வருகிறது: ஆற்றங்கரையில் பழுப்பு நிலக்கரிப் படுகை தானாகக் கனன்றுகொண்டிருக்கிறது. 1789இல் அந்த வழியே போன அலெக்சாண்டர் மெக்கன்சி கரை எரிவதைக் குறித்திருக்கிறார். பாறையில் வட்டத் தடம், கரையில் அணையாத நெருப்பு. இரண்டுக்கும் ஒரே கதையில் காரணம் சொல்லியாயிற்று. இங்கே பீவர் பெரியதாக இருந்தே ஆகவேண்டும், ஏனென்றால் பாறைத் தடம் பெரிது. அளவை நிலம் தீர்மானிக்கிறது, விலங்கு இல்லை.

இன்னொன்று. பனியுகத்தின் உச்சத்தில் துலீட்டா பனிப்பாறைக்கடியில் இருந்தது. பனி மூடாத யூகானின் ஓல்டு குரோவில் ராட்சத பீவர் எலும்பு நிறைய உண்டு, ஆனால் அவை கடைசிப் பனியுகத்துக்கு முந்தைய வெப்ப இடைக்காலத்தவை, 75,000 ஆண்டுக்கு மேல். குளிர் இறங்கியதும் வடக்கே அது போய்விட்டது. அப்போது அங்கே பார்த்து ஞாபகம் வைக்க ஆளே இல்லை. அதே ஓல்டு குரோவின் க்விச்சின் மக்களிடமும் ராட்சத விலங்குகளை இன்றைய அளவுக்குச் சுருக்கிய பயணி ஒருவன் கதை இருக்கிறது. எல்லா விலங்கும் அதில் பெரிதுதான்.

பல்வரிசை | ஜனவரி 27
மூன்றாவது கனடாவின் கிழக்குக் கரையில் ஃபண்டி வளைகுடா. செயின்ட் ஜான் ஆற்றின் வாயில் குளூஸ்காப் என்ற பழங்குடிக் கதை மாவீரன் பீவர் அணையை உடைத்தான். அதுதான் தலைகீழ் அருவி. அலை ஏறும்போது கடல் ஆற்றுக்குள் எதிர்த்து ஓடும் இடம். நோவா ஸ்கோஷியாவின் ஐந்து தீவுகள் அவன் பீவர் மேல் எறிந்த மண்கட்டிகள். அந்தப் பக்கம் ராட்சத பீவர் எலும்பே கிடையாது. கணக்கு முடிந்தது.

செம்மண் | ஜனவரி 29
முடியவில்லை. நியூ பிரன்ஸ்விக்கில் இந்தியன் தீவில் கிடைத்ததாக 2000ஆம் ஆண்டு மில்லர், ஹாரிங்டன், வெல்ச் எழுதியிருக்கிறார்கள். ஃபண்டி வளைகுடாவின் வாசலிலேயே.

பல்வரிசை | ஜனவரி 30
ஆமாம். "எலும்பே கிடையாது" தப்பு, அடித்துவிடுங்கள். குளூஸ்காப் நிலத்தில் விலங்கு இருந்திருக்கிறது. ஒரே இடம் என்பது சரி. ஒரே காலம் என்பதற்கு இது போதாது.

ஏரிக்கரை | ஜனவரி 30
மனிதரும் அதுவும் எங்காவது ஒரே காலத்தில் இருந்தார்களா, அதைச் சொல்லுங்கள்.

பல்வரிசை | பிப்ரவரி 1
இருந்தார்கள். நியூயார்க் மாநிலத்து எலும்பு ஒன்றுக்கு 10,150 ரேடியோகார்பன் ஆண்டு வந்திருக்கிறது. இதை அப்படியே "பத்தாயிரம் வருஷம் முன்" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. ரேடியோகார்பன் ஆண்டு காலண்டர் ஆண்டு இல்லை. மர வளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்தினால் 11,800ஐ ஒட்டி வரும். அப்போது மனிதர்கள் அங்கே நன்றாகவே இருந்தார்கள். ஓகையோவின் ஷெரிடன் குகையில் ராட்சத பீவர் எலும்பும் மனிதர் செய்த எலும்பு முனைகளும் கிடைத்திருக்கின்றன.

ஆனால் வேட்டையாடியதற்கான உறுதியான வெட்டுத்தடம் இதன் எலும்பில் இல்லை. யானை போன்ற பனியுக விலங்கான மாஸ்டடானுக்கு உண்டு, இதற்கு இல்லை. அழிவுக்கு ஐசோடோப் தரும் விளக்கம் எளிது: மூழ்கிய செடியை நம்பியிருந்தது, பனியுக முடிவில் சதுப்புகள் வறண்டன, வேறு உணவுக்கு மாறவில்லை. பக்கத்திலேயே இருந்த, இன்றும் வாழும் சின்ன பீவரிடம் அணை இருந்தது. வேண்டிய குளத்தைத் தானே கட்டிக்கொண்டது.

வடதிசை | பிப்ரவரி 2
கதைக்கு எலும்பே மூலமாக இருக்கலாம் அல்லவா? பார்த்த ஞாபகம் வேண்டாம். ஆற்றங்கரையில் பெரிய பல் கிடக்கிறது, பீவர் பல் மாதிரி இருக்கிறது, கதை பிறக்கிறது. அட்ரியன் மேயர் 2005இல் பழங்குடிகளும் புதைபடிவங்களும் பற்றி இப்படித்தான் வாதாடினார்.

பல்வரிசை | பிப்ரவரி 2
ஓல்டு குரோவுக்கு இது நன்றாகப் பொருந்தும். 75,000 ஆண்டுச் சிக்கலும் தீர்ந்துவிடும்: பல் காத்திருக்கும், ஞாபகம் காத்திருக்க வேண்டியதில்லை. பீவரைத் தினமும் தோலுரிக்கிற வேட்டைக்காரன் அந்தப் பல்லைக் கையில் எடுத்ததும் இனம் கண்டுகொள்வான். துலீட்டாவுக்குப் பொருந்தாது. நான் இதுவரை எழுதியதில் இந்த வழியை ஓரமாக ஒதுக்கிவிட்டேன், ஒதுக்கியிருக்கக்கூடாது.

செம்மண் | பிப்ரவரி 5
துண்டுப் பல் ஒன்று கையில் கிடைத்தால் இதுதான் என்று எப்படிச் சொல்வது?

பல்வரிசை | பிப்ரவரி 6
நிறத்தை மறந்துவிடுங்கள். இன்றைய பீவர் பல்லின் ஆரஞ்சு நிறம் எனாமலில் உள்ள இரும்பு. சதுப்பில் கிடந்த பல் எல்லாமே கறுத்திருக்கும். நகத்தால் குறுக்கே வருடுங்கள். வரிவரியாகத் தட்டினால் ராட்சதம். வழுவழு என்றால் சாதாரண பீவர். ஒரே ஒரு அகலப் பள்ளம் ஓடினால் கேபிபாரா என்ற வேறொரு பெரிய கொறிணி. ஃபுளோரிடாவில் பனியுகக் கேபிபாராவும் கிடைப்பதால் அங்கே இது அடிக்கடி மாறிப்போகும். எனாமலே இல்லையென்றால் தந்தம்: உடைந்த குறுக்குமுகத்தில் கோடுகள் வலை மாதிரி ஒன்றையொன்று வெட்டினால் யானை இனம், நடுவில் சவ்வரிசி மாதிரி பொருக்கு தெரிந்தால் வால்ரஸ்.

சதுப்பிலிருந்து எடுத்ததை வெயிலில் வைக்காதீர்கள். ஈரம் மேலிருந்து வேகமாகப் போக, உள்ளே தங்கி, நீளவாக்கில் பிளந்துவிடும். ஈரத்துணியில் சுற்றி, சின்னத் துளை போட்ட பையில், வாரக்கணக்கில் ஆறவிடவேண்டும். பசை தடவ வேண்டாம் என்று மேலே சொல்லியாயிற்று. ஃபுளோரிடாவில் அரசு நிலமென்றால் முதுகெலும்பிகளின் படிவம் எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும். சுறாப்பல்லுக்கு மட்டும் விலக்கு.

ஏரிக்கரை | பிப்ரவரி 9
தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஓகையோவில் நியூ நாக்ஸ்வில் அருகே 1912 வாக்கில் ராட்சத பீவர் குச்சிகளைக் குவித்துக் கட்டிய குடில் கிடைத்ததாக இருக்கிறதே? 4 அடி உயரம், 8 அடி குறுக்கு, 3 அங்குலத் தடிமன் மரக்கன்றுகள்.

பல்வரிசை | பிப்ரவரி 10
3 அங்குலக் கன்றை இன்றைய பீவர் கொஞ்ச நேரத்தில் சாய்த்துவிடும். 8 அடிக் குடிலும் அதற்குப் பெரிதில்லை. அந்தக் குவியலில் பார்க்கவேண்டியது குச்சியின் தடிமன் இல்லை, வெட்டுமுனை. சாதாரண பீவர் வெட்டினால் தட்டையான, குறுகிய சீவல்கள் அடுக்கடுக்காக இருக்கும். வரிமேடு கொண்ட உருண்ட பல் வெட்டியிருந்தால் அகலமான குழிவும், குழிவுக்குள் இணையான கீறல்களும் இருக்கவேண்டும். டிப்பாய்டிஸ் குச்சிகளில் 40 லட்சம் ஆண்டுக்குப் பிறகும் தடத்தை அளக்க முடிந்தது. ராட்சத எலும்பு கிடைத்த சதுப்பிலிருந்து அப்படி ஒரே ஒரு குச்சி வரட்டும், நான் ஜனவரி 11ஆம் தேதிக் குறிப்பை முழுசாக அழிக்கிறேன்.

ஏரிக்கரை | பிப்ரவரி 10
குறித்து வைத்துக்கொண்டேன்.